அறிவுரைக்குப் பஞ்சமில்லை

1945 ஆகஸ்டில் அன்னா மணி தன் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஐந்து வருடம் உழைத்து எழுதியது. வைரமும் மாணிக்கமும் ஒளியை உள்வாங்கி உமிழும் விதத்தை அளந்து, தன் பெயர் மட்டும் தாங்கிய ஐந்து கட்டுரைகளை அதற்குள் வெளியிட்டிருந்தார். நெறியாளர் சர் சி. வி. ராமன். அவர் நோபல் பரிசு வாங்கிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. இந்தியாவில் இயற்பியல் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய வழிகாட்டி அன்று வாய்த்திருக்க முடியாது. ஆனாலும் பட்டம் கிடைக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்திருந்தவரிடம் எம்.எஸ்சி. இல்லையே என்று பல்கலைக்கழகம் கைவிரித்துவிட்டது. அந்த ஆய்வேடு ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் தங்கிவிட்டது. முனைவர் பட்டம் இல்லாமலே அன்னா மணி இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து 1976-ல் ஓய்வுபெற்றார். அதே ஆய்வகத்தில் வேலை செய்த சுனந்தா பாய்க்கும் பட்டம் வரவில்லை. ராமனின் ஆய்வகத்துப் பெண்களைப் பற்றி அபா சூர் 'டிஸ்பர்ஸ்டு ரேடியன்ஸ்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இதை எடுத்துச் சொல்லக் காரணம், இன்று ஊரெல்லாம் பரவியிருக்கும் ஒரு நம்பிக்கை. முனைவர் பட்ட ஆய்வுக்கு வரும் பெண்கள் ஏன் தவிக்கிறார்கள், ஏன் பாதியில் விடுகிறார்கள், முடித்தவர்கள் ஏன் காணாமல் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். துணைவேந்தர் சொல்வதும், அமைச்சகத்துச் சுற்றறிக்கை சொல்வதும், நல்லெண்ணம் கொண்ட பெண்ணியவாதி சொல்வதும் ஒன்றாகவே இருக்கும். அவர்களுக்கு வழிகாட்ட ஆள் இல்லை, முன்மாதிரி இல்லை, தன்னம்பிக்கை இல்லை. ஆகவே ஆளுக்கொரு மென்டார் கொடுப்போம். அறிவியலில் பெண்களுக்கான நாளான பிப்ரவரி 11-ம் மகளிர் தினமான மார்ச் 8-ம் வந்தால் கருத்தரங்கக் கூடத்தில் பேனர் கட்டி, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, வீட்டையும் ஆய்வையும் சேர்த்துச் சமாளிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசவைத்து, ஸ்காலர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து, நாக் கமிட்டிக்கான கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள். இப்போதெல்லாம் தலைப்பில் திருநர்களுக்கும் இடம் உண்டு. கூட்டத்தில் ஒரு திருநங்கையாவது உட்கார்ந்திருக்கிறாரா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு என்பது என் வாதம். ஆய்வு மாணவிக்கு வழிகாட்டி இல்லை என்று சொல்வதே உண்மைக்குப் புறம்பானது. நெறியாளர் இல்லாமல் இந்த நாட்டில் யாரும் முனைவர் பட்ட ஆய்வை நடத்திவிட முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி அது. வழிகாட்டி இருக்கிறார். அந்த ஒருவரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை என்பதில்தான் எல்லாத் துன்பமும் தொடங்குகிறது.

கைடு என்ற ஒரு மனிதரிடம் நாம் எத்தனை கையெழுத்துகளை ஒப்படைத்திருக்கிறோம் என்று பாருங்கள். தலைப்பை ஒப்புக்கொள்பவர் அவர். மாதாமாதம் வருகையைச் சான்றளித்து உதவித்தொகை வரவைப்பவரும் அவர். கண்டிஞ்சென்சி பில், வெளியூர்க் கருத்தரங்குக்கு அனுமதி, கருவி வாங்க ஒப்புதல், சினாப்சிஸ் எப்போது என்ற முடிவு எல்லாமே அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டுரை வெளியாகும்போது யார் பெயர் முதலில் வரும், யார் பெயர் புதிதாக நடுவில் நுழையும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர்களின் பட்டியல் பெரும்பாலும் அவர் எழுதிக் கொடுப்பதுதான். வைவா முடிந்தபிறகும் விடுதலை இல்லை, வேலைக்கு விண்ணப்பித்தால் அங்கிருந்து முதல் தொலைபேசி அவருக்குத்தான் வரும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்காலரின் முன்னேற்றத்தைப் பார்க்க ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. நம் பக்கத்தில் டிசி மீட்டிங் என்பார்கள். மானியக் குழுவின் 2016 விதியும் சரி, 2022 விதியும் சரி, அந்தக் குழுவுக்கு அமைப்பாளராக யாரை வைத்திருக்கின்றன? அதே நெறியாளரை. மாணவிக்குக் கைடு பற்றி ஒரு குறை இருந்தால், கைடு கூட்டிய கூட்டத்தில், கைடின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கைடுக்குத் தெரிந்தவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும். டீயும் பிஸ்கட்டும் வரும், 'ப்ராகிரஸ் சாட்டிஸ்ஃபேக்டரி' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். கைடை மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். மாற்றலாம். பல பல்கலைக்கழகங்களில் அதற்கு முதல் தாள், எந்தக் கைடிடமிருந்து விலக நினைக்கிறாரோ அவரே தர வேண்டிய என்.ஓ.சி.

ஆண் ஸ்காலருக்கும் இதே கையெழுத்துகள்தான், மறுக்கவில்லை. அவரையும் விடைத்தாள் கட்டைத் திருத்தவைக்கிற, வீட்டுக் கேஸ் சிலிண்டருக்கு அலையவிடுகிற கைடுகள் உண்டு. ஆனால் சேர்க்கை நேர்காணலில் அவரிடம் 'கல்யாணம் எப்போ? முடிச்சுட்டு வந்தே சேரலாமே' என்று யாரும் கேட்பதில்லை. கைடோடு கேன்டீனில் நின்று பேசி அடுத்த புராஜெக்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது அவருக்கு இயல்பு. அதையே ஒரு பெண் செய்தால் துறை முழுக்கப் பேச்சு. செய்யாவிட்டால் ஆர்வமில்லாதவர் என்ற பெயர். இரவு ஆய்வகத்தில் இருக்க வேண்டிய சோதனை, விடுதிக் கதவு மூடும் நேரத்தோடு மோதுகிறது. சாதியும் சேர்ந்துகொண்டால் இன்னும் கெட்டது. தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த தலித் பெண்ணுக்கு, கைடின் ஒரு முகச்சுளிப்புக்கு எதிராகப் பேச ஊரில் ஒரு பெரிய மனிதரும் இருக்க மாட்டார். பாலியல் தொல்லையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. எல்லாக் கையெழுத்தும் ஒரே விரலில் இருக்கும் இடத்தில் அது எப்படி நடக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் மென்டார் வருகிறார். வேறு துறை, அல்லது வேறு கல்லூரி. நல்லவர், அக்கறை உள்ளவர், மாதம் ஒருமுறை பேசுகிறார். மாணவி அழுகிறார். அவர் கேட்கிறார். 'எல்லாத்தையும் மெயில்ல எழுதி வச்சுக்கோம்மா', 'இன்னும் ஒண்ணரை வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ', 'டிகிரி கையில வந்துட்டா யாரும் உன்னை அசைக்க முடியாது'. எல்லாமே உண்மை. ஆனால் இந்த மென்டாரால் ஒரு வருகைப் பதிவில் கையெழுத்துப் போட முடியாது, டிசி மீட்டிங்கில் வாய் திறக்க முடியாது, நிறுத்தப்பட்ட உதவித்தொகையை ஒரு மாதம் முன்னதாக வரவைக்க முடியாது. புகுந்த வீட்டில் அடி வாங்குகிற பெண்ணைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும் சித்தியின் நிலைதான் அவருடையது. சித்தியின் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை.

அமைப்பைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடு மிக வசதியானது. பட்ஜெட் அதிகம் தேவையில்லை, யாருடைய அதிகாரமும் குறையாது. சிக்கல் பெண்ணுக்குள் இருப்பதாகத் தீர்ப்பாகிவிடுகிறது: அவருக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி, நேர மேலாண்மைப் பயிற்சி, மேடைப் பேச்சுப் பயிற்சி. கைடுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. நான் இதுவரை பார்த்த மென்டார் திட்ட அழைப்பிதழ்கள் ஒன்றிலும் நெறியாளர்கள் கட்டாயம் வர வேண்டும் என்ற வரி கிடையாது.

எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரங்களை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. வழிகாட்டல் பலன் தருகிறது என்று காட்டிய ஆய்வுகள் உண்டு, அவை நல்ல ஆய்வுகள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் டாரா டென்னஹியும் நீலாஞ்சனா தாஸ்குப்தாவும் பொறியியல் முதலாண்டு மாணவிகளைப் பிரித்து, சிலருக்கு மூத்த மாணவியையும், சிலருக்கு மூத்த மாணவனையும் துணை கொடுத்து, சிலரை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். மூத்த மாணவி துணையிருந்தவர்கள் படிப்பில் நிலைத்தார்கள் என்று 2017-ல் வெளியிட்டார்கள். மென்டார் திட்டம் வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இதை மறக்காமல் மேற்கோள் காட்டுகிறார்கள். இளங்கலை முதலாண்டில் ஒரு மாணவியின் தலையெழுத்து ஒரே ஆசிரியரின் கையில் இல்லை என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அங்கே பல பாடம், பல ஆசிரியர். அவருக்கு உண்மையிலேயே குறைவாக இருந்தது 'இது என் இடமும்தான்' என்ற உணர்வு, அதைக் கொடுத்தார்கள், பலித்தது. ஆய்வின் நான்காம் ஆண்டில் கைடு கட்டுரையைப் படிக்காமல் எட்டு மாதம் மேசையில் வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த உணர்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் செமென்ட் பயிலரங்கு இன்னும் வலுவான சான்று. இளம் பெண் பொருளாதாரப் பேராசிரியர்களை 2004 முதல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து நடத்தினார்கள். இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட ஐந்தாண்டுகளில் அதிகக் கட்டுரையும் அதிக நிதியும் பெற்றிருந்தார்கள் என்று 2010-ல் தெரியவந்தது. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த அறையில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்தத் துறையின் மூத்தவர்கள், இளையவரின் கட்டுரையைக் கையில் வைத்து வரி வரியாகப் படித்தார்கள். எந்த இதழுக்கு அனுப்புவது, எந்த நிதிக்கு விண்ணப்பிப்பது என்று உள்வட்டச் செய்தியைப் பகிர்ந்தார்கள். அவர்கள் நாளை அதே இதழ்களின் நடுவர்களாகவும் தேர்வுக் குழுக்களின் உறுப்பினர்களாகவும் இருக்கக்கூடியவர்கள். பயிலரங்கில் கைமாறியது செல்வாக்கு. அதற்கு மென்டாரிங் என்று பெயர் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை, நம் ஊரில் அந்தப் பெயரில் கைமாறுவது அறிவுரை மட்டும்தான் என்பதே வருத்தம். ஹெர்மினியா இபாரா முதலானோர் 2010-லேயே கம்பெனிகளைப் பார்த்து இதையே எழுதினார்கள்: பெண்களுக்கு அறிவுரை சொல்ல ஆள் அதிகம், பதவி உயர்வுக் கூட்டத்தில் அவர்களுக்காக வாய் திறக்க ஆள் குறைவு.

என் கட்சியில் சேர்த்துக்கொள்ளக் கூடாத ஒரு ஆய்வையும் சொல்லிவிட வேண்டும். 2020 நவம்பரில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில், பெண் வழிகாட்டிகளிடம் பயின்ற பெண்களின் ஆய்வுத் தாக்கம் குறைவு என்று ஒரு கட்டுரை வந்தது. கூட்டாகக் கட்டுரை எழுதியவர்களில் மூத்தவரெல்லாம் வழிகாட்டி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. பெண்கள் பெண்களுக்கு வழிகாட்டக் கூடாது என்பது என் வாதமல்ல. வழிகாட்டுகிற பெண்ணின் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

கணக்குக்கு வருவோம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தவர்கள் சுமார் 2.12 லட்சம் பேர். அதில் பெண்கள் சுமார் 99,000. 2014-15-ல் 48,000 தான். பாதிக்குச் சற்றுக் குறைவு, ஏழே வருடத்தில் இரட்டிப்பு. தன்னம்பிக்கையும் முன்மாதிரியும் இல்லாத கூட்டம் இப்படியா படையெடுக்கும்? மறுபக்கம், ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியில் நேரடியாக இருப்பவர்களில் பெண்கள் 16.6 விழுக்காடு என்று 2018 நிலவரத்தை வைத்து மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கணக்குக் காட்டியது. உள்ளே வந்தவர்கள் எங்கே போனார்கள்? குடும்பம், குழந்தை என்று எல்லோரும் தயாராக ஒரு பதிலை வைத்திருக்கிறார்கள். பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனமும் இந்திய அறிவியல் அகாதெமியும் சேர்ந்து, அனிதா குருப், ரோகிணி கோட்போலே முதலானோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பெண்களையே கேட்டது. முனைவர் பட்டம் வாங்கியும் ஆய்வில் இல்லாதவர்கள் பெரிதாகச் சொன்ன காரணம், விரும்பிய வேலை கிடைக்கவில்லை என்பது. இந்தியப் பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் கதைகளைத் திரட்டி 'லீலாவதிஸ் டாட்டர்ஸ்' என்று 2008-ல் தொகுத்தவர்களில் கோட்போலேயும் ஒருவர். முன்மாதிரிகளின் மதிப்பை அவரைவிட அறிந்தவர் யார்? அவர் பெயர் தாங்கிய ஆய்வே வேலையின்மையைச் சுட்டுகிறது. பதினைந்து வருடம் கழித்தும் நாம் தன்னம்பிக்கை வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

சலுகைகள் இருக்கின்றனவே என்பார்கள். அவற்றையும் பிரித்துப் பார்ப்போம். 2022 விதிப்படி ஆய்வுக் காலம் ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் எட்டு, பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு சேர்த்துப் பத்து. பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெட் தேர்வு வழியே வரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை மொத்தமே ஐந்து வருடம்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் மாதம் 8,000 ரூபாயை நிறுத்தப் பார்த்ததற்காக 2015-ல் மாணவர்கள் டெல்லியில் மானியக் குழு வாசலில் இரவும் பகலும் உட்கார வேண்டியிருந்தது. ஆக, ஆறாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டுவரை பெண்ணுக்குக் கிடைக்கும் சலுகை, சம்பளமில்லாமல் கைடுக்குக் கீழே இருக்கும் சலுகை.

இன்னொரு விதி இதைவிட வேடிக்கை. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் ஊர் மாறினால், அதுவரை சேர்த்த ஆய்வுத் தரவைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப் போகலாம் என்று 2016-லேயே எழுதினார்கள். அற்புதம். அடுத்த வரியில், அந்த ஆய்வு நிறுவனமோ நெறியாளரோ வெளி நிதியில் பெற்ற திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அறிவியல் துறைகளில் நிதித் திட்டத்தோடு ஒட்டாத ஆய்வு எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் இருப்பவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். நான்கு வருடத் தரவு கைடின் கணினியில் தங்கிவிடும், மாணவி மாப்பிள்ளை ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த மென்டாரும் இதற்கு மருந்து வைத்திருக்கவில்லை. அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் மையத்தில் ஆய்வு செய்த தீபா பி. மோகனன் பல வருடங்களாகச் சாதிப் பாகுபாட்டைச் சொல்லிவந்தார். தலித் பெண். ஆய்வகத்தில் வேலை செய்ய விடாமல் தடுக்கிறார்கள் என்பது அவர் புகார். 2021 அக்டோபர் கடைசியில் பல்கலைக்கழக வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பதினோராம் நாள், மையத்தின் இயக்குநரைப் பொறுப்பிலிருந்து விலக்கி, ஆய்வு வசதிகளையும் கால நீட்டிப்பையும் தருவதாகப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. தீபாவிடம் உறுதியில்லை, முன்மாதிரியில்லை என்று யாராவது சொல்வார்களா? அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நிர்வாக ஆணை. அதை முதல் புகாரிலேயே கொடுத்திருக்க எந்தச் சட்டம் தடுத்தது?

சட்டம் தடுக்கவில்லை என்பது மட்டுமல்ல, பாதிச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பாலியல் தொல்லை பற்றிய மானியக் குழுவின் 2015 விதிகள், விசாரணை நடக்கும்போதே, புகார் கொடுத்தவரின் வேலையையோ தேர்வையோ குற்றம் சாட்டப்பட்டவர் மதிப்பிடக் கூடாது என்று தடுக்க வழி செய்கின்றன. மாணவிகளைப் போலவே மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று அவை பெயர் சொல்லி எழுதியிருக்கின்றன. எத்தனை ஸ்காலர்களுக்கு இது தெரியும்? நேர மேலாண்மை வகுப்பில் பத்து நிமிடம் கடன் வாங்கி இதைப் படித்துக் காட்டினாலே பெரிய உபகாரம். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. மதிப்பிடும் வேலையை நிறுத்திவிட்டால் அடுத்து யார் கைடு, உதவித்தொகைத் தாளில் யார் கையெழுத்து, ஆய்வகச் சாவி யாரிடம்? அதற்குத் தயாராகப் பதில் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அபூர்வம். அதனால்தான் புகார் எழுதிய பேனா மேசைக்கே திரும்பிவிடுகிறது.

திருநர்களைப் பொறுத்தவரை மென்டார் வாதம் நின்ற இடத்திலேயே விழுந்துவிடும். உன்னைப் போன்ற ஒருவரைப் பார், அவர் வழியில் நட என்பது அந்த வாதத்தின் சாரம். திருநங்கைப் பேராசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டில், திருநம்பிகள் அதிலும் குறைவாக இருக்கும்போது, யாரைப் போய் இணைப்பது? இருக்கும் ஒருவரையே எல்லா மேடைக்கும் ஏற்றிக் களைக்கவைப்பதுதான் நடக்கிறது. அந்த ஆய்வாளருக்கு வேண்டியது இன்னும் எளிமையானது. நால்சா வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 2020 விதிகள் கல்விச் சான்றிதழிலும் பெயர் மாற்ற வழி காட்டின. ஆனால் பதிவாளர் அலுவலகத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ப் பெயரும் ஆய்வுப் பதிவுப் பெயரும் பொருந்தவில்லை என்று கோப்பு நிற்கும்போது, அதை நகர்த்த வேண்டியவர் ஒரு பிரிவு அலுவலர். விடுதியில் எந்தக் கட்டடம் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் வார்டன். பழைய பெயரில் வந்த கட்டுரையைப் புதிய பெயருக்கு மாற்றிக்கொடுக்க 2020-க்குப் பிறகு பல சர்வதேசப் பதிப்பகங்களே முன்வந்துவிட்டன. முன்பே சொன்ன இரண்டாண்டு நீட்டிப்பு, ஊர் மாறும் உரிமை ஆகிய விதிகளோ 'பெண்' என்ற சொல்லோடு நின்றுகொள்கின்றன. குடும்பத்தால் துரத்தப்பட்டு ஊர் மாற வேண்டியிருக்கும் திருநம்பிக்கு அந்த விதியில் கதவில்லை.

மென்டாராக அழைக்கப்படும் மூத்த பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதவி உயர்வுக்கான மானியக் குழுவின் 2018 விதிகளின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில், தன் கீழ் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றால் கைடுக்குப் பத்து மதிப்பெண். அடுத்தவர் ஸ்காலரின் கண்ணீரைத் துடைத்து, கட்டுரையைத் திருத்திக் கொடுத்து, அவரை ஆய்விலேயே நிற்கவைத்த பெண்ணுக்கு அந்த அட்டவணையில் இடமே கிடையாது. ஏற்கெனவே துறையில் ஒரே பெண் என்பதால் எல்லாக் கமிட்டிக்கும் அவரைப் போட்டிருப்பார்கள். இப்போது இதுவும். ஆண் சகாக்கள் அந்த நேரத்தில் கட்டுரை எழுதுகிறார்கள்.

எல்லாக் கைடும் கெட்டவர்களா என்று கோபப்படுவோர் இருப்பார்கள். இல்லை. தன் செலவில் ஸ்காலரைக் கருத்தரங்குக்கு அனுப்புகிறவர்களும், பிரசவம் முடிந்து வந்தவருக்குத் தன் அறையையே விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசை சொல்லி வளர்ந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைக் கும்பிட நமக்குத் தெரியும். ஒரு பெண்ணின் ஐந்தாறு வருடம் யாருடைய நல்ல குணத்தையும் நம்பித் தொங்கக் கூடாது என்று சொல்கிறேன். ராமன் 1933-ல் கமலா பாகவத்தைப் பெண் என்ற காரணத்துக்காகவே சேர்க்க மறுத்து, அவர் விடாப்பிடியாக நின்றபின் ஒரு வருடச் சோதனையில் சேர்த்துக்கொண்டார். திருமணத்துக்குப்பின் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர், 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். கதவை மூடியதும் பிறகு திறந்ததும் ஒரே மனிதரின் மனம். அன்னா மணியின் விஷயத்தில் அந்த மனம் அவர் பக்கம் இருந்தும் விதி ஒத்துழைக்கவில்லை.

மாறாக, தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த ஜானகி அம்மாளைப் பாருங்கள். ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டிருந்த பார்பர் உதவித்தொகையில் 1920-களில் அமெரிக்கா போய், 1931-ல் டி.எஸ்சி. வாங்கினார். அங்கே அவருக்கு நல்ல ஆசிரியரும் வாய்த்தார் என்பது உண்மை. ஆனால் அவரைக் கப்பலேற்றியது, எந்தக் கைடின் தயவையும் எதிர்பார்க்காமல் பெண்ணின் பெயருக்கே வந்த பணம்.

அமெரிக்காவின் தேசிய அகாதெமிகள் 2018-ல் அறிவியல் துறைகளில் பாலியல் தொல்லை பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டன. ஆய்வு மாணவர் ஒரே ஆசிரியரைச் சார்ந்திருப்பதை உடைக்க வேண்டும், ஒருவருக்குப் பதில் குழுவாக வழிகாட்ட வேண்டும், உதவித்தொகை தனி ஆசிரியரின் நிதியிலிருந்து வராமல் துறையிலிருந்து வர வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. நம் மத்திய அரசும் 2020-ல் 'கதி' என்ற திட்டத்தை அறிவித்தபோது, மாற வேண்டியது நிறுவனம் என்ற அளவுக்கு வந்தது. முப்பது நிறுவனங்களில் வெள்ளோட்டமும் விட்டது. அந்தத் தெளிவு கல்லூரி வாசலுக்கு வந்து சேரும்போது தன்னம்பிக்கைக் கருத்தரங்காகச் சுருங்கிவிடுகிறது.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களே இல்லை. கைடு மாற்றத்துக்கு என்.ஓ.சி. கேட்பதை நிறுத்துங்கள். மாணவி எழுதிக் கொடுத்தால் முப்பது நாளில் துறை வேறு ஏற்பாடு செய்ய வேண்டும், காரணம் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஒவ்வொரு டிசி மீட்டிங்கிலும் கைடு வெளியே போய், குழுவின் மற்ற உறுப்பினர்கள் மாணவியோடு தனியாகப் பேசி அதைத் தனியே பதிவுசெய்யட்டும். அமைப்பாளர் யார் என்ற மானியக் குழு விதி இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. உதவித்தொகைச் சான்றில் கைடு ஒரு வாரத்துக்குள் கையெழுத்திடாவிட்டால் துறைத்தலைவர் போடட்டும், அவரும் தவறினால் பதிவாளர். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைக் கொடுத்து அறுபது நாள் ஆகியும் கைடு படிக்கவில்லை என்றால் அது கைடின் பணிப்பதிவில் ஏற வேண்டும். மென்டார் ஒருவரைக் கொடுத்தே தீருவோம் என்றால் அவரை அந்தக் குழுவில் வாக்குள்ள உறுப்பினராகப் போடுங்கள், அவர் வகுப்பு நேரத்தில் இரண்டு மணியைக் குறையுங்கள்.

தரவு பற்றிய நிபந்தனையை மட்டும் டெல்லியில்தான் மாற்ற முடியும். மற்ற எல்லாவற்றையும் ஒரு பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுவும் ஆட்சிக்குழுவும் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றலாம். மென்டார் திட்டத்துக்கு என்று ஒதுக்கிய ஆளையும் பணத்தையும் முதலில் இந்த விதிகளை எழுதும் வேலைக்கு விடுங்கள். மிச்சம் இருந்தால் கருத்தரங்கு நடத்திக்கொள்ளுங்கள்.